மருந்து சிறுநீரகத்தைக் கெடுக்குமா? ஆர்கனாய்டு வைத்துச் சோதிக்கும் முறை

செல் கல்ச்சர் கை பழகிவிட்டது, ஐபிஎஸ் செல்லையும் (எந்தத் திசுவாகவும் மாறும்படி பின்னோக்கித் திருப்பிய மனித செல்) ஓரளவு வளர்க்கத் தெரியும், இப்போது கைடு வந்து "நம்ம காம்பவுண்டு கிட்னிக்கு ஏதாவது பண்ணுதான்னு ஆர்கனாய்டுல பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார் என்றால் இந்தக் குறிப்பு உங்களுக்குத்தான். ஆர்கனாய்டு, அதாவது தட்டில் வளரும் குட்டிச் சிறுநீரகத் திசு; அதை வளர்ப்பதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய. வளர்ந்த பிறகு அதற்கு மருந்தை எப்படிக் கொடுப்பது, கிடைத்த எண்ணை எவ்வளவு நம்புவது என்பதில்தான் ஆளுக்கொரு பேச்சு. அதனால் வளர்ப்பை வேகமாகக் கடந்துவிட்டு சோதனையில் நின்று பேசுகிறேன்.

முதலில் ஒன்று. மருந்தை ஊற்றினோம், செல் செத்தது, ஆகவே இது சிறுநீரக நஞ்சு என்ற கணக்கு செல்லாது. அளவு மீறினால் சமையல் உப்பு கரைசல்கூட ஆர்கனாய்டைக் கொல்லும். ஒரு மருந்து கல்லீரலையும் இதயத்தையும் விட்டுவிட்டுச் சிறுநீரகத்தைப் பிடித்துத் தாக்குகிறது என்றால், பெரும்பாலும் அந்த மருந்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஒரு வாசல் அங்கே இருக்கிறது என்று பொருள். புற்றுநோய் மருந்தான சிஸ்பிளாட்டின் ஓசிடி2 என்ற கடத்திப் புரதம் வழியாக நுழைகிறது. எச்ஐவி மருந்தான டெனோஃபோவிர் ஓஏடி1, ஓஏடி3 என்ற எதிர்மின் அயனிக் கடத்திகள் வழியாக. ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை மெகாலின், கியூபிலின் என்ற இரண்டு ஏற்பிகள் பிடித்து விழுங்கிக்கொள்கின்றன. இவை எல்லாம் சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகான நெஃப்ரானின் முதல் வளைகுழலில், அதாவது பிராக்ஸிமல் குழலில் இருப்பவை. மருந்தால் வரும் சேதம் அதிகம் விழும் இடமும் அதுதான். ஆகவே உங்கள் முதல் கேள்வி "செத்ததா" என்பதல்ல. இந்த மருந்துக்கு வாசல் எது, அது என் ஆர்கனாய்டில் திறந்திருக்கிறதா என்பதுதான். இதற்குப் பதில் தெரியாமல் டோஸ் கொடுக்க ஆரம்பித்தால், வரும் முடிவு எதுவாக இருந்தாலும் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

எலியில் பார்த்தால் போதாதா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மாட்டுக்குக் கொடுத்த டைக்ளோஃபெனாக், அந்த மாட்டின் சடலத்தைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தை முடித்துக்கட்டியதால்தான் இந்தியாவில் பாறு கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன. 2006இல் கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. மாடு தாங்கியதைக் கழுகு தாங்கவில்லை. எலிக்கும் மனிதனுக்கும் நடுவிலும் இப்படி நடக்கும். கொழுப்பைக் குறைக்க உருவாக்கிய எஸ்பிசி5001 என்ற ஆன்டிசென்ஸ் மருந்து, விலங்குச் சோதனைகளைத் தாண்டி முதல் கட்ட மனிதச் சோதனைக்கு வந்த பிறகு ஆரோக்கியமான தன்னார்வலர் ஒருவருக்குச் சிறுநீரகக் குழல் சேதத்தை உண்டாக்கியது. பின்னாளில் மனித பிராக்ஸிமல் குழல் செல்களைச் சிப்பில் வளர்த்துச் சோதித்தபோது அதே மருந்து சேதக் குறியீடுகளை ஏற்றிக் காட்டியது. மனித செல்லில் பார்ப்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

எந்த மாதிரியை எடுப்பது

எல்லோரிடமும் இருக்கும் எச்கே-2 என்ற மனிதச் சிறுநீரகக் குழல் செல் வரிசையை வைத்தே முடித்துவிடலாமே என்று தோன்றும். விலை குறைவு, வளர்ப்பது சுலபம். ஆனால் அதில் ஓஏடி1, ஓஏடி3, ஓசிடி2 மூன்றுமே கிட்டத்தட்ட இல்லை. வாசலே இல்லாத வீட்டுக்குள் டெனோஃபோவிர் எப்படிப் போகும்? ஆர்பிடெக்-டெர்ட்1 என்ற இன்னொரு குழல் செல் வரிசை கொஞ்சம் தேவலை, கடத்திகளை வெளியிலிருந்து புகுத்திய வரிசைகளும் கிடைக்கின்றன. உங்கள் கேள்வி ஒரே ஒரு கடத்தியைப் பற்றியது என்றால் அப்படி ஒரு தட்டையான செல் அடுக்கே போதும், ஆர்கனாய்டுக்குச் செலவழிக்க வேண்டாம். இதைக் கைடிடம் தைரியமாகச் சொல்லலாம்.

ஆர்கனாய்டு தேவைப்படுவது எப்போது? குழல் மட்டுமல்ல, வடிகட்டியில் உட்கார்ந்திருக்கும் போடோசைட் செல்லும் பாதிக்கப்படுமா, எந்தப் பகுதி முதலில் அடிபடுகிறது, திரும்பத் திரும்பக் கொடுத்தால் என்ன ஆகிறது, குறிப்பிட்ட ஒரு நோயாளியின் மரபணுவோடு சேர்த்துப் பார்த்தால் என்ன என்பது போன்ற கேள்விகளுக்கு. ஐபிஎஸ் செல்லிலிருந்து வளர்ப்பதற்கு இரண்டு வழிகள் பரவலாக இருக்கின்றன, இரண்டுமே 2015இல் வெளியானவை: மெல்பர்னில் மெலிசா லிட்டில் குழுவுடைய முறை, பாஸ்டனில் மொரிசானேயும் பான்வென்டரும் செய்த முறை. மெல்பர்ன் முறையில் செல்களை உருண்டையாக்கிச் சவ்வு வடிகட்டியின் மேல் வைத்து வளர்ப்பார்கள். ஆர்கனாய்டு பெரிதாக, பார்க்க அழகாக வரும். பாஸ்டன் முறையில் 96 வெல் பிளேட்டில் (96 சிறு குழிகள் கொண்ட தட்டு) ஒரு வெல்லுக்கு ஒன்று. மருந்துச் சோதனைக்கு என் ஓட்டு இரண்டாவதற்குத்தான், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் தனி டோஸ், தனி மீடியம், தனிக் கணக்கு. 2018இல் ஃப்ரீட்மன் குழு 384 வெல் பிளேட்டில் ரோபோ வைத்தே இதைச் செய்து காட்டியது, அந்த வசதி நம்மில் பலருக்கு இல்லை, பரவாயில்லை.

இன்னொரு வழியும் உண்டு: டியூபுலாய்டு. பெரியவர்களின் சிறுநீரகத் திசுவிலிருந்தோ சிறுநீரில் உதிரும் செல்களிலிருந்தோ வளர்ப்பது. 2019இல் நெதர்லாந்துக் குழு ஒன்று இதை விரிவாகக் காட்டியது. போடோசைட் இருக்காது, ஆனால் வயது வந்த குழல் செல்கள். அறுவை சிகிச்சை நடக்கும் மருத்துவமனையோடு தொடர்பு இருந்தால் யோசியுங்கள்.

இந்தியாவில் வேலை செய்கிறீர்கள் என்றால் ஐபிஎஸ் செல்லைத் தொடும் முன் உங்கள் நிறுவனத்தின் ஸ்டெம் செல் ஆய்வுக் குழுவின் அனுமதி வாங்கிவிடுங்கள், 2017 தேசிய வழிகாட்டு நெறிமுறைகள் அதைக் கேட்கின்றன. புது விண்ணப்பம் என்றால் கூட்டம் கூடி ஒப்புதல் வருவதற்கே மாதங்கள் ஓடிவிடும். பிளேட் ஆர்டர் போடுவதற்கு முன்னால் இதை ஆரம்பிப்பது நல்லது.

வளர்ப்பு, சுருக்கமாக

பாஸ்டன் முறையின் எலும்புக்கூடு இது. ஐபிஎஸ் செல்களைச் சீரான அடர்த்தியில் பரப்புங்கள். முதல் 4 நாள் செல்லைச் சிறுநீரகப் பாதைக்குத் திருப்பும் சிஎச்ஐஆர்99021 என்ற சிறு மூலக்கூறு, சுமார் 8 மைக்ரோமோலார். சில வரிசைகளுக்குக் கூடவே கொஞ்சம் நாகின் வேண்டியிருக்கும் (நாகின், இனி வரும் ஆக்டிவின் ஏ, எஃப்ஜிஎஃப்9 எல்லாம் செல்லை வழிநடத்தும் புரதங்கள்). அடுத்த 3 நாள் ஆக்டிவின் ஏ, மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம். அதற்கடுத்த 2 நாள் எஃப்ஜிஎஃப்9, அதே 10 நானோகிராம். 9ஆம் நாள் செல்களைப் பிரித்து, ஒட்டாத அடிப்பகுதி கொண்ட வட்ட அடி 96 வெல் பிளேட்டில் வெல்லுக்குச் சுமார் 1 லட்சம் செல் வீதம் போட்டு, 2 நாள் சிஎச்ஐஆர் 3 மைக்ரோமோலாரோடு எஃப்ஜிஎஃப்9, பிறகு 3 நாள் எஃப்ஜிஎஃப்9 மட்டும், அப்புறம் வெறும் அடிப்படை மீடியம். 21ஆம் நாள் வாக்கில் குழல்கள் நுண்ணோக்கியில் சுருள் சுருளாகத் தெரியும்.

இதில் பாதித் தோல்விகள் முதல் 4 நாளிலேயே தீர்மானமாகிவிடுகின்றன. சிஎச்ஐஆர் அளவு ஒவ்வொரு ஐபிஎஸ் வரிசைக்கும் மாறும், அடர்த்திக்கும் மாறும். ஆகவே உங்கள் வரிசைக்கு 6 முதல் 12 வரை நான்கைந்து அளவுகளை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள். 9ஆம் நாள் நெஃப்ரானாக மாறப் போகும் செல்லின் அடையாளமான சிக்ஸ்2 புரதம் எத்தனை செல்லில் இருக்கிறது என்று சாயமிட்டுப் பாருங்கள். குறைவாக இருந்தால் அந்த பேட்சைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். எஃப்ஜிஎஃப்9 விலையை நினைத்து வயிறு எரியும்தான், ஆனால் மோசமான பேட்சை 21 நாள் வரை இழுத்துக்கொண்டு போவது அதைவிடச் செலவு.

கல்ச்சரில் சத்தமில்லாமல் புகும் பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மாவுக்கான சோதனையை மாதம் ஒரு முறையாவது செய்யுங்கள். ஆர்கனாய்டைப் பல வாரம் தாண்டி வைத்திருக்க ஆசைப்படாதீர்கள். நாள் ஆக ஆக இடைத்திசு செல்கள் பெருகும், குழல் தேயும், நடுப்பகுதி ஆக்சிஜன் எட்டாமல் தானாகவே சாகும், நீங்கள் அதை மருந்தின் வேலை என்று எழுதிவிடுவீர்கள்.

வாசல் திறந்திருக்கிறதா

இனிதான் விஷயம். உங்கள் ஆர்கனாய்டில் பிராக்ஸிமல் குழல் இருக்கிறது என்பதை எல்டிஎல் லெக்டின் சாயம் காட்டும், ஆனால் அது மட்டும் போதாது, கூடவே மெகாலின் அல்லது கியூபிலின் சாயமும் போடுங்கள். போடோசைட்டுக்கு நெஃப்ரின், தூரக் குழலுக்கு ஈ-கேட்ஹெரின். இதெல்லாம் ஆள் இருக்கிறாரா என்ற வருகைப் பதிவு மாதிரிதான். ஆள் வேலை செய்கிறாரா என்பது வேறு.

வேலை செய்கிறதா என்று பார்க்க, ஒளிரும் சாயம் ஏற்றிய ஆல்புமினையோ டெக்ஸ்டிரானையோ மீடியத்தில் கலந்து ஒரு நாள் விட்டுக் கழுவிப் பாருங்கள். எல்டிஎல் குழல்களுக்குள் மட்டும் புள்ளி புள்ளியாக ஒளிர்ந்தால் மெகாலின் வழி நடக்கிறது. ஓஏடி வழிக்கு 6-கார்பாக்ஸிஃபுளோரசீன் கொடுத்து, பக்கத்து வெல்லில் அதையே புரோபெனிசிடுடன் கொடுங்கள். புரோபெனிசிடு அந்த வாசலை அடைக்கும் மருந்து. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் ஓஏடி இயங்குகிறது. ஓசிடி2க்கு ஏஎஸ்பி-பிளஸ் என்ற ஒளிரும் சாயமும், அடைப்பதற்கு சிமெட்டிடினும்.

இப்போது மனசு நோகும் செய்தி. ஐபிஎஸ் வழி ஆர்கனாய்டுகளில் மெகாலின், கியூபிலின் ஓரளவு நன்றாகவே இருக்கும். ஓஏடி1, ஓஏடி3, ஓசிடி2 பெரும்பாலும் பலவீனமாக இருக்கும். காரணம் எளிது, இந்த ஆர்கனாய்டு கருவில் இருக்கும் குழந்தையின் சிறுநீரகத்தைத்தான் ஒத்திருக்கிறது, வளர்ந்த மனிதருடையதை அல்ல. அதனால் டெனோஃபோவிர், சிடோஃபோவிர், அடிஃபோவிர் குடும்பத்தைச் சாதாரண ஆர்கனாய்டில் சோதித்து "சேதம் இல்லை" என்று எழுதினால் அது மருந்தைப் பற்றிய செய்தியே அல்ல. 2022இல் மெல்பர்ன் குழுவினர் ஆரம்ப நிலை செல்களை இன்னும் கொஞ்ச நாள் நீட்டி வளர்த்து, பிராக்ஸிமல் குழல் கூடுதலாகவும் கடத்திகள் வலுவாகவும் இருக்கும் ஆர்கனாய்டுகளை உண்டாக்கிக் காட்டினார்கள். உங்கள் மருந்து எதிர்மின் அயனி வகை என்றால் அந்த முறைக்குப் போவது நல்லது.

முதிர்ச்சி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2015 மெல்பர்ன் ஆய்விலேயே சாட்சி இருக்கிறது. 5, 20 மைக்ரோமோலார் சிஸ்பிளாட்டின் 24 மணி நேரம் கொடுத்தபோது முதிர்ந்த பிராக்ஸிமல் செல்கள்தான் காஸ்பேஸ்-3 (செல் சாகும்போது இயங்கும் நொதி) ஏறிச் செத்தன, பக்கத்திலேயே இருந்த முதிராத செல்கள் அப்படி அடிபடவில்லை.

அப்புறம் திசை. ஆர்கனாய்டில் குழலின் இரு முனையும் எங்கும் திறக்காது. உள்பக்கம் மூடிய அறை, வெளிப்பக்கம்தான் மீடியத்தில் நனைகிறது. ஓஏடியும் ஓசிடி2வும் வெளிப்பக்கச் சவ்வில் இருப்பதால் மருந்து நேராக எட்டும், ஆனால் அவைதான் குறைவு. மெகாலின் உள்பக்கத்தில் இருக்கிறது; மருந்து செல் இடுக்குகள் வழியாகக் கசிந்து உள்ளே போய்ச் சேர வேண்டும், நேரம் எடுக்கும். ஜென்டமைசின் 6 மணி நேரத்தில் ஒன்றும் செய்யவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள், 48 மணி நேரம் கொடுத்துப் பாருங்கள்.

மீடியத்தைச் சுத்தம் செய்யுங்கள்

இந்தப் பகுதியை யாரும் எழுதுவதில்லை என்பதால் சற்று அழுத்தமாகவே சொல்கிறேன். வழக்கமாகப் போடும் பெனிசிலின்-ஸ்ட்ரெப்டோமைசினில் ஸ்ட்ரெப்டோமைசின் ஒரு அமினோகிளைக்கோசைடு, ஜென்டமைசினின் உறவுக்காரர். பூஞ்சைக்கும் சேர்த்துப் போடும் கலவையில் ஆம்ஃபோடெரிசின் பி இருக்கும், அது பேர்போன சிறுநீரக நஞ்சு. கண்ட்ரோல் வெல்லிலேயே இரண்டு நஞ்சை ஊற்றிவிட்டு மருந்து வெல்லோடு ஒப்பிடுவதில் என்ன நியாயம்? டோஸுக்குக் குறைந்தது ஒரு வாரம் முன்பே ஆன்டிபயாடிக் இல்லாத மீடியத்துக்கு மாறுங்கள்.

மீடியத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஃபீனால் ரெட்டும் அப்பாவி அல்ல. அந்தக் காலத்தில் அதை ஊசியாகப் போட்டு, சிறுநீரில் எவ்வளவு வேகமாக வெளியேறுகிறது என்று பார்த்துத்தான் சிறுநீரகச் செயல்திறனை அளந்தார்கள். எதிர்மின் அயனிக் கடத்தி வழியாகவே அது வெளியேறும். உங்கள் மருந்தும் அதே வழி என்றால் இரண்டும் போட்டி போடும். ஃபீனால் ரெட் இல்லாத மீடியம் வாங்குங்கள்.

சிஸ்பிளாட்டினை டிஎம்எஸ்ஓ என்ற வழக்கமான கரைப்பானில் கரைக்காதீர்கள். டிஎம்எஸ்ஓ பிளாட்டினத்தோடு ஒட்டிக்கொண்டு மருந்தையே செயலிழக்க வைக்கும். 0.9% உப்புக் கரைசலில் அன்றன்று கரைத்து, வெளிச்சம் படாமல் வைத்துப் பயன்படுத்துங்கள். மற்ற மருந்துகளுக்கு டிஎம்எஸ்ஓ பரவாயில்லை, எல்லா வெல்லிலும் ஒரே அளவாக, 0.1%க்கு மேல் போகாமல்.

டோஸ் எவ்வளவு

மருந்தை மனிதருக்குக் கொடுத்தால் ரத்தத்தில் எட்டும் உச்ச அளவு என்ன என்று தேடுங்கள். டெனோஃபோவிர் மாத்திரை போட்டால் ஏறத்தாழ 1 மைக்ரோமோலார். ஜென்டமைசினுக்கு வழக்கமான முறையில் மில்லிலிட்டருக்கு 5 முதல் 10 மைக்ரோகிராம். அந்த உச்சத்தை 1 என்று வைத்து 1, 3, 10, 30, 100 மடங்கு என்று ஏறுங்கள். உங்களுடையது இன்னும் மனிதருக்கே போகாத புது மூலக்கூறு என்றால் விலங்கில் பயன் தந்த அளவிலிருந்து கணக்கிட்ட எதிர்பார்ப்பு எண்ணை வைத்துக்கொள்ளலாம், அது மதிப்பீடு என்று எழுதிவிடுங்கள்.

புரதத்தோடு ஒட்டும் மருந்தா என்பதையும் பாருங்கள். ரத்தத்தில் 99% ஆல்புமினோடு ஒட்டிக்கொண்டு சுற்றும் மருந்தை, ஆல்புமின் அதிகம் இல்லாத மீடியத்தில் அதே மொத்த அளவில் போட்டால் செல்லுக்குப் போகும் டோஸ் பல மடங்கு. ஒட்டாமல் சுற்றும் பங்கை வைத்தே கணக்கிடுங்கள்.

100 மடங்கு எதற்கு, இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கலாம். சில மருந்துகள் சிறுநீரகப் புறணியில் ரத்தத்தைவிடப் பல மடங்கு சேர்ந்துகொள்ளும், ஜென்டமைசின் அப்படித்தான். அதனால்தான் வெளியான ஆய்வுகளில் அதை மில்லிகிராம் கணக்கில் கொடுத்திருப்பதைப் பார்ப்பீர்கள். ஆனால் அந்த அளவில் எதைப் போட்டாலும் செல் திணறும் என்பதும் உண்மை, ஆகவே அதே அளவு பாதுகாப்பான வேறு மருந்தை ஊற்றிய வெல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

கால அளவு மருந்தைப் பொறுத்தது. சிஸ்பிளாட்டின் 24 மணியிலேயே பேசும். டெனோஃபோவிர் மைட்டோகாண்ட்ரியாவை மெதுவாகக் கெடுக்கும் வகை, நோயாளிகளிலேயே மாதங்கள் கழித்துத்தான் தெரிகிறது. அதற்கு இரண்டு நாளுக்கொரு முறை புது மருந்து என்று இரண்டு வாரம் ஓட்ட வேண்டியிருக்கும். மீடியம் மாற்றும்போது முழுதும் உறிஞ்சாதீர்கள், ஆர்கனாய்டு பிப்பெட் முனையில் ஏறிக்கொண்டு போய்விடும்; பாதி எடுத்துப் பாதி ஊற்றி, டோஸ் கணக்கை அதற்கேற்பச் சரிசெய்யுங்கள். பிளேட்டின் ஓரத்து வெல்களில் வெறும் பிபிஎஸ் உப்புக் கரைசல் ஊற்றிவிடுங்கள், நம் ஊர் வெயில் காலத்தில் ஆவியாதல் சாதாரணமில்லை.

ஒப்பீட்டு மருந்துகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் சோதனையின் தரம் இருக்கிறது. நஞ்சு என்று தெரிந்தவை: சிஸ்பிளாட்டின், ஜென்டமைசின், போடோசைட்டுக்கு டாக்ஸோருபிசின். நஞ்சல்ல என்று தெரிந்ததற்கு மெட்ஃபார்மின் எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதுவும் சிஸ்பிளாட்டின் நுழையும் அதே ஓசிடி2 வழியாகத்தான் போகிறது, ஆனால் மருத்துவ அளவில் குழலைக் கெடுப்பதில்லை. அதைவிட நல்லது ஜோடிகள். சிஸ்பிளாட்டினையும் கார்போபிளாட்டினையும் அவரவர் மருத்துவ உச்ச அளவின் மடங்குகளில் ஓட்டிப் பாருங்கள். மருத்துவமனையில் கார்போபிளாட்டின் சிறுநீரகத்துக்கு மென்மையானது. உங்கள் ஆர்கனாய்டும் அதையே சொன்னால், அது புது மூலக்கூறைப் பற்றிச் சொல்வதையும் கேட்கலாம். சொல்லவில்லை என்றால் புது மூலக்கூறை இன்னும் திறக்க வேண்டாம்.

கடைசியாக அடைப்பான் வெல். மருந்தோடு சிமெட்டிடினோ புரோபெனிசிடோ சேர்த்துக் கொடுத்து, சேதம் குறைகிறதா என்று பார்ப்பது. சிடோஃபோவிர் ஏற்றும்போது மருத்துவர்கள் புரோபெனிசிடு மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பது இதே தர்க்கத்தில்தான். இந்த ஒரு வெல் வரிசை, பத்துப் பக்க விளக்கத்தைவிட உங்கள் முடிவுக்கு வலு தரும்.

எதை அளப்பது

எல்லோரும் முதலில் ஓடுவது ஏடிபி அளவீட்டுக்கு, அதாவது உயிருள்ள செல்களில் இருக்கும் ஆற்றல் மூலக்கூறை அளப்பதற்கு. வேகமாக நடக்கும், பிளேட் ரீடர் போதும். முப்பரிமாணத் திசுவுக்கென்று வரும் கிட்டை வாங்குங்கள், சாதாரணக் கிட் ஆர்கனாய்டின் நடுப்பகுதியைக் கரைக்காது. ஆனால் இதில் ஒரு பொறி: பிராக்ஸிமல் செல்கள் ஆர்கனாய்டில் சிறுபான்மை. இடைத்திசு செல்களும், கூப்பிடாமல் வந்த நரம்பு, தசை வகைச் செல்களும் சேர்த்தால் மீதியில் பெரும்பகுதி. 2018இல் ஹம்ஃப்ரீஸ் குழு தனித்தனி செல்லாக ஆராய்ந்தபோது 10 முதல் 20% வரை சிறுநீரகமே அல்லாத செல்கள் இருந்தன. ஆகவே பிராக்ஸிமல் செல் பாதி செத்தாலும் மொத்த ஏடிபி கொஞ்சம்தான் இறங்கும். மறுபக்கம், ஏடிபி பாதியாக இறங்கினால் அது குழலைத் தாக்கியதல்ல, கண்டபடி எல்லாவற்றையும் கொன்றிருக்கிறது என்று சந்தேகப்படுங்கள்.

அதனால் ஏடிபியை முதல் சல்லடையாக மட்டும் வையுங்கள். முடிவு சொல்வது சாயப் படம்தான்: எல்டிஎல், பிளவுபட்ட காஸ்பேஸ்-3, அடிபட்ட குழல் செல் காட்டும் புரதமான கிம்-1 மூன்றையும் ஒரே ஆர்கனாய்டில் போட்டு, எல்டிஎல் பகுதிக்குள் எத்தனை சதவீதம் காஸ்பேஸ் இருக்கிறது, வெளியே எத்தனை என்று தனித்தனியாக எண்ணுங்கள். உள்ளே அதிகம், வெளியே இல்லை என்றால் அதுதான் குழலைக் குறிவைத்த நஞ்சு. எண்ணுபவருக்கு எந்த வெல்லில் என்ன மருந்து என்று தெரியக் கூடாது. பக்கத்து மேசைத் தோழியிடம் பெயர் மறைத்துக் கொடுத்தால் போதும், ஒரு டீ செலவு.

கிம்-1 நல்ல குறியீடு. சிறுநீரில் அதை அளப்பதை 2008இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் ஐரோப்பிய மருந்து முகமையும் எலிச் சோதனைகளுக்கு ஏற்றுக்கொண்டன, 2018இல் மனிதரின் ஆரம்பக் கட்டச் சோதனைகளுக்கான ஆறு குறியீட்டுத் தொகுப்பிலும் எஃப்டிஏ அதைச் சேர்த்தது. ஆனால் ஆர்கனாய்டில் இரண்டு எச்சரிக்கை. ஒன்று, அது செல்லின் உள்பக்கச் சவ்விலிருந்து மூடிய குழலுக்குள் உதிரும், எனவே மீடியத்தில் எலிசா (புரத அளவைக் காட்டும் சோதனை) செய்து குறைவாக வந்தால் சேதம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. இரண்டு, டோஸ் மிக அதிகமானால் கிம்-1 செய்யும் செல்லே செத்துவிடுவதால் எண் மறுபடி இறங்கும். நடுவில் ஏறி இரு பக்கமும் தாழும் வளைவைப் பார்த்துப் பயப்படாதீர்கள். கூடவே ஹீம் ஆக்சிஜனேஸ்-1 மரபணுவையும் பாருங்கள், வளர்ப்புச் செல்களில் பல வகை நஞ்சுகளுக்கு அது நிலையாகவே ஏறும்.

ஆர்கனாய்டு காட்டாதவை

நீண்ட பட்டியல், ஆனால் மறைப்பதில் பயனில்லை. ரத்த ஓட்டம் இல்லை, ஆகவே வடிகட்டலும் இல்லை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மருந்துகள் மனிதரில் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தக் குழாயைச் சுருக்கித்தான் பெரும்பாலும் கெடுதல் செய்கின்றன. ஆர்கனாய்டில் சுருங்க ஒன்றுமில்லை. அசைக்ளோவிர், அதிக அளவு மெத்தோட்ரெக்ஸேட் போன்றவை அடர்த்தியான சிறுநீரில் படிகமாகிக் குழலை அடைப்பவை. இங்கே சிறுநீரே கிடையாது. நோய் எதிர்ப்பு செல்கள் இல்லாததால், ஒமிப்ரசோல் வகை மருந்துகள் சிலருக்குத் தரும் ஒவ்வாமை அழற்சியும் தெரியாது. ரத்தக் குழாய்க்காக 2019இல் ஹார்வர்டில் ஆர்கனாய்டின் மேல் திரவத்தை ஓட விட்டு வளர்த்துப் பார்த்தார்கள், குழாய் வலையும் முதிர்ச்சியும் கூடியது. ஆனால் அது இன்னும் எல்லா லேபிலும் செய்யும் வேலை அல்ல.

இவற்றைவிட ஆபத்தானது கல்லீரல் இல்லாதது. 1937இல் அமெரிக்காவில் சல்ஃபானிலமைடை டைஎத்திலீன் கிளைக்காலில் கரைத்து விற்றதில் 100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே நஞ்சு கலந்த இருமல் மருந்தால் 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள்; அந்த மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். இவ்வளவு பேரைக் கொன்ற அந்த டைஎத்திலீன் கிளைக்காலை நேராக ஆர்கனாய்டில் ஊற்றினால் பெரிதாக ஒன்றும் ஆகாமல் போகலாம். ஏனென்றால் உடலில் அது முக்கியமாகக் கல்லீரலில் மாற்றமடைந்து உருவாகும் டைகிளைக்காலிக் அமிலம்தான் குழல் செல்லைக் கொல்கிறது. ஆகவே உங்கள் மருந்தின் வளர்சிதைப் பொருள்கள் எவை என்று முன்கூட்டியே கேளுங்கள், முக்கியமானவற்றைத் தனியாக வாங்கியோ செய்தோ சோதியுங்கள், இல்லாவிட்டால் கல்லீரல் செல்களில் ஒரு நாள் ஊறிய மருந்து மீடியத்தை எடுத்து ஆர்கனாய்டுக்குக் கொடுங்கள்.

மூலிகைச் சாறுகளைச் சோதிக்க நினைப்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். ஆடுதீண்டாப்பாளையில் இருக்கும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் ஓஏடி வழியாகத்தான் குழலுக்குள் போகிறது, உள்ளே போன பிறகு நொதி ஒன்றால் மாறி டிஎன்ஏவோடு ஒட்டுகிறது. முதிராத ஆர்கனாய்டில் வாசலும் பலவீனம், நொதியும் எவ்வளவு என்று பார்த்தாக வேண்டும். "இயற்கையானது, ஆர்கனாய்டிலும் பாதுகாப்பு நிரூபணம்" என்று யாராவது விளம்பரம் போட்டால் ஓஏடி சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள்.

எண்ணிக்கையும் எழுத்தும்

ஒரே நாளில் வளர்த்த 24 ஆர்கனாய்டு, 24 தனித்தனி சோதனை அல்ல. எல்லாம் ஒரே பேட்ச், ஒரே சிஎச்ஐஆர் குப்பி, ஒரே கை. ஆர்கனாய்டுகள் பேட்சுக்கு பேட்ச் முதிர்ச்சியில் மாறுகின்றன என்பதை 2019இல் மெல்பர்ன் குழுவே மரபணு வெளிப்பாட்டை அளந்து காட்டியது. ஆகவே எண்ணிக்கை என்பது பேட்ச். குறைந்தது மூன்று தனி பேட்ச், முடிந்தால் இரண்டு வேறு நபர்களின் ஐபிஎஸ் வரிசை. மருந்தையும் அதன் கண்ட்ரோலையும் எப்போதும் ஒரே பேட்சுக்குள் ஒப்பிடுங்கள், போன மாதக் கண்ட்ரோலைக் கடன் வாங்காதீர்கள்.

ஒழுங்குமுறை பக்கம் காற்று சாதகமாகத்தான் வீசுகிறது. அமெரிக்காவில் 2022 டிசம்பரில் கையெழுத்தான சட்டம் புது மருந்துக்கு விலங்குச் சோதனை கட்டாயம் என்ற நிலையை நீக்கியது, இந்தியாவும் 2023இல் புது மருந்து விதிகளைத் திருத்தி ஆர்கனாய்டு, உறுப்புச் சிப் போன்ற வழிகளுக்கு இடம் கொடுத்தது. இதை வைத்து எலி வேலை முழுதும் போய்விட்டது என்று கைடிடம் சொல்லிவிடாதீர்கள். இப்போதைக்கு இது கூடுதல் ஆதாரம், அதிலும் விலங்கில் தெரியாத மனிதச் சேதத்தைப் பிடிக்கும் இடத்தில் மதிப்பு அதிகம்.

அறிக்கை எழுதும்போது ஐபிஎஸ் வரிசையின் பெயர், டோஸ் கொடுத்த நாள், எல்டிஎல் பகுதியின் சதவீதம், எந்தக் கடத்தி இயங்கியது, எது இயங்கவில்லை என்பதை முதல் அட்டவணையிலேயே போட்டுவிடுங்கள். இயங்காத கடத்தி வழியாகப் போகும் மருந்துக்கு "சேதம் இல்லை" என்று எழுதாமல் "இந்த மாதிரியில் மதிப்பிட முடியாது" என்று எழுதுங்கள், தேர்வாளர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. டோஸ் கொடுத்த ஒவ்வொரு வெல்லிலிருந்தும் எடுத்த பழைய மீடியத்தைக் கொட்டாமல், வெல் எண் எழுதி மைனஸ் 80இல் போட்டு வையுங்கள். மதிப்பீட்டாளர் இன்னொரு சேதக் குறியீடான என்கேல் புரதமும் பார்த்திருக்கலாமே என்று கேட்கும்போது புதிதாக 21 நாள் வளர்க்க வேண்டியிருக்காது.